அழிவின் விளிம்பில் உள்ள இடங்களுக்குப் போகிறீர்களா? விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பெருவின் ஆண்டிஸ் மலையில், மச்சு பிச்சு என்ற பழைய நகரத்துக்கு நடந்து போகும் இன்கா பாதை தொடங்கும் இடத்தை 82வது கிலோமீட்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கே ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அதிகாரி என் பாஸ்போர்ட்டை வாங்கி, கையிலிருந்த பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார், மறுபடி ஒருமுறை ஓட்டினார், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் பெயர் இல்லை. நான் பணம் கட்டிய ஏஜென்சி, யாரோ ரத்து செய்த இடத்தில் என்னைச் சேர்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தது. அந்தப் பாதைக்கான பெர்மிட்டில், அதாவது அனுமதிச் சீட்டில், பெயரை மாற்றவே முடியாது என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. கூட வந்த மூன்று பேர் பாலத்தைத் தாண்டிப் போனார்கள், நான் வந்த வண்டியிலேயே திரும்பினேன். விமானச் செலவு, விடுமுறை, பல மாதச் சேமிப்பு எல்லாம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு இதே மாதிரி எண்ணிக்கை வரம்பு உள்ள நாலைந்து இடங்களுக்குப் போய்வந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு படியில் தடுக்கித்தான் விஷயம் புரிந்தது. வழக்கமான பயணத்தில் முதலில் விமானம், அப்புறம் தங்குமிடம், கடைசியில் நுழைவுச்சீட்டு. இங்கே இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று அந்த இடம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதில் உங்களுக்கு இடம் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

1. இடம் திறந்திருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

யுனெஸ்கோ வைத்திருக்கும் 'ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்கள்' பட்டியலில் தொடங்கலாம். ஆனால் அதைத் தவறாகப் படிக்காதீர்கள். பட்டியலில் இருந்தாலே போகக்கூடாது என்று அர்த்தமில்லை. பெருவின் சான் சான் மண் நகரம் 1986 முதல் அதில் இருக்கிறது, அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் 2010இலிருந்து இருக்கிறது, இரண்டுக்கும் மக்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பட்டியலில் இல்லையென்றால் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் அதில் இல்லை, ஆனால் 2016, 2017, 2020, 2022, 2024 என்று திரும்பத் திரும்பப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயிருக்கின்றன.

அதனால் பட்டியலைப் பார்த்த கையோடு, அந்த இடத்தை நிர்வகிக்கும் பூங்கா அல்லது தொல்லியல் துறையின் தளத்தையும் பாருங்கள். மூடும் மாதங்கள் அங்கேதான் இருக்கும். இன்கா பாதையைப் பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். தாய்லாந்தின் மாயா பே கடற்கரை 2018இல் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது, இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் ஓய்வு. பிலிப்பைன்ஸின் துப்பத்தஹா பவளத்திட்டுக்கு மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும்தான் போக முடியும், அதுவும் படகிலேயே தங்கி.

சில இடங்களில் மூலத்தைப் பார்க்க ஆசைப்படாமல் இருப்பதே சரி. பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள், உள்ளே வந்தவர்களின் மூச்சுக்காற்றாலும் அதனால் படர்ந்த பாசியாலும் கெட ஆரம்பித்ததால் 1963இலேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டன. பக்கத்திலேயே முழு அளவில் செய்த பிரதியை 2016இல் திறந்தார்கள். பிரதிதானே என்று தயங்காதீர்கள், விலங்குகளின் கோடுகளை அவசரமில்லாமல் நின்று பார்க்கலாம், நம்மால் எதுவும் கெடாது.

2. அனுமதி முதலில், விமானம் அப்புறம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர் என்பது வரம்பு. ஐநூறு என்றதும் நிறைய இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். அதில் சுமைதூக்குபவர்கள், சமையல்காரர்கள், வழிகாட்டிகள் எல்லோரும் அடக்கம், பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம். மே முதல் ஆகஸ்ட் வரையிலான நாட்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். மால்டாவில் ஹால் சாஃப்லியேனி என்று நிலத்தடியில் பாறையைக் குடைந்து செய்த மிகப் பழைய கல்லறை ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு நேரத்துக்கு 10 பேர், ஒரு நாளைக்கு 80 பேர், அவ்வளவுதான். இந்தோனேசியாவின் போரோபுதூர் பௌத்தக் கோயிலில் வளாகத்துக்குள் போக ஒரு சீட்டு, மேலே ஏற வேறு சீட்டு. ஏறுவதற்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, வழிகாட்டி கட்டாயம், கல் தேயாமல் இருக்க அவர்களே தரும் மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். சாதாரணச் சீட்டை வாங்கிவிட்டு அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துத் திரும்புகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

எப்போது பதிவு திறக்கும் என்பதிலும் ஏமாறுவோம். எல்லாமே ஆறு மாதம் முன்பே திறக்கும் என்று நினைக்காதீர்கள். ஹவாயில் ஹனௌமா விரிகுடாவுக்கு இரண்டு நாள் முன்னால், காலை 7 மணிக்குத்தான் திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்த 7 மணி ஹவாயின் 7 மணி. நீங்கள் இருக்கும் ஊரில் அது எத்தனை மணி என்று முதல் நாளே கணக்குப் போட்டு, பாஸ்போர்ட்டையும் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இன்னொரு பொறி, அரசுத் தளம் மாதிரியே இருக்கும் இடைத்தரகர் தளங்கள். தேடினால் முதலில் வருவதே பெரும்பாலும் அவர்கள் விளம்பரம்தான். அந்த நாட்டின் பண்பாட்டுத் துறை அல்லது பூங்கா நிர்வாகத்தின் பக்கத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் இணைப்பு வழியாக மட்டும் பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். நேரம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை.

3. ஆவணங்கள்

பெர்மிட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் இங்கேயும் விரித்தே. பாஸ்போர்ட் எண்ணையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். பதிவு செய்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், அப்போது ரத்தான பழையதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், உடனே பதிவு செய்த இடத்துக்கும் எழுதிக் கேளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அது முடியும் தேதி நெருங்கினால் முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் பெர்மிட் எடுப்பதே நல்லது.

ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளுக்கு விமானம் ஏறும் முன்பே, குய்ட்டோ அல்லது குவாயாகில் விமான நிலையத்தில் ஒரு போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அட்டை வாங்க வேண்டும், உங்கள் பைகளையும் அங்கேயே சோதித்து முத்திரை வைப்பார்கள். இதற்கென்று கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் தீவுக்குத் திரும்பும் டிக்கெட்டும், பதிவு பெற்ற தங்குமிடத்தில் அறை எடுத்ததற்கான சான்றும் வேண்டும், 30 நாளுக்கு மேல் தங்க முடியாது. உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை, ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும்.

எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள். மலையடிவாரத்திலும் படகுத் துறையிலும் சிக்னல் கிடைப்பது நிச்சயமில்லை.

4. செலவு எவ்வளவு, அது எங்கே போகிறது

கட்டணத்தைப் பார்த்ததும் அதிர்ச்சியாக இருக்கும். கலாபகோஸ் பூங்காக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் 100 டாலரிலிருந்து 200 டாலர் ஆகிவிட்டது. பூட்டான் ஒரு இரவுக்கு 100 டாலர் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறது. பசிபிக் கடலில் உள்ள பலாவ் தீவு நாட்டுக்குப் போகும் விமான டிக்கெட்டிலேயே 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் சேர்ந்திருக்கும். ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க ஒருவருக்கு 1,500 டாலர், அதற்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், எட்டு பேர் கொண்ட குழு. எனக்கு இதில் மனத்தாங்கல் கிடையாது. ஒரு குடும்பக் கொரில்லாக் கூட்டத்தைக் காட்டில் தினமும் பின்தொடர்ந்து காவல் காக்க ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும்.

பட்ஜெட் போடும்போது கட்டணத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: நாட்டுக்குள் நுழைய, பூங்காவுக்குள் நுழைய, கட்டாய வழிகாட்டிக்கு. பலர் நடுவில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டில் மாட்டிக்கொள்கிறார்கள். சில இடங்களில் ரொக்கமாக மட்டும் வாங்குவார்கள், கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள். பெர்மிட் தொகை பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது, அதனால் பயணக் காப்பீடு எடுக்கும்போது ரத்தானால் பெர்மிட் தொகைக்கும் ஈடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெனிஸில் ஒரு விநோதம். 2024இலிருந்து கூட்டம் அதிகமுள்ள நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் மட்டும் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், 2025இல் முன்பே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் கட்டினால் 10. இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விலக்குக்கென்று பதிவு செய்து கியூஆர் குறியீடு வாங்கிக்கொள்ள வேண்டும். தங்குகிறோமே, எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

5. எந்த மாதம், எத்தனை நாள்

கூட்டமில்லாத மாதத்தில் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது ஆமைகள் முட்டையிடும் மாதமா, பறவைகள் கூடு கட்டும் மாதமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மனிதர்கள் குறைவாக வரும் காலம்தான் சில உயிர்களுக்கு முக்கியமான காலம்.

நாலு இடத்தை ஒரே வாரத்தில் முடிப்பதைவிட ஓரிடத்தில் நாலு நாள் தங்குங்கள். பெரிய கப்பலில் வந்து ஆறு மணி நேரத்தில் போகிறவர்களால் தெருக்கள் நிரம்புகின்றன, அங்கே வாழ்கிறவர்கள் கைக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேர்வதில்லை.

6. ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெர்மிட் யார் பெயரில், அதன் எண் என்ன? அதிகாரப்பூர்வத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு நானே சரிபார்க்க முடியுமா? உங்கள் உரிமம் இந்த ஆண்டுக்குச் செல்லுமா? வழிகாட்டி உள்ளூர்க்காரரா? குழுவில் எத்தனை பேர்? சுமைதூக்குபவர்கள் எத்தனை கிலோ சுமப்பார்கள், எங்கே தூங்குவார்கள்?

"அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எனக்கு வந்தது அந்தப் பதில்தான்.

அண்டார்டிகா போவதாக இருந்தால் கப்பலில் எத்தனை பயணிகள் என்பதே முதல் கேள்வி. 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பலிலிருந்து யாரும் கரையிறங்க முடியாது. சிறிய கப்பலாக இருந்தாலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் தரையில் இருக்கலாம். 180 பேர் உள்ள கப்பலென்றால் முறை வைத்து இறங்குவீர்கள், உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அந்த அளவு குறையும். விலை குறைவாக இருக்கிறதே என்று பெரிய கப்பலில் பதிவு செய்துவிட்டு, பெங்குவினை மேல்தளத்திலிருந்து மட்டும் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

7. பை கட்டுவதற்கு முந்தைய நாள்: ஷூவைக் கழுவுங்கள்

இதை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். நியூசிலாந்து விமான நிலையத்தில் என் மலையேற்ற ஷூவைச் சோதனை மேசையில் கவிழ்த்து வைத்தார்கள். நான் தண்ணீரில் அலசிக் காயவைத்துத்தான் கொண்டுபோயிருந்தேன், சுத்தமாக இருக்கிறது என்றே நம்பினேன். அந்தப் பெண் அதிகாரி ஒரு மெல்லிய கம்பியால் அடிப்பாகத்தின் பள்ளங்களைக் கிளறினார். வெள்ளைத் தட்டில் உலர்ந்த மண் உதிர்ந்தது, மண்ணோடு மூன்று புல் விதைகள். மூன்றும் கடுகைவிடச் சிறியவை. "இது முளைத்தால் பிடுங்க ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஷூவைக் கிருமிநாசினியில் கழுவிக் கொடுத்தார். வந்திறங்கியதும் படிவத்தில் ஷூ இருப்பதைக் குறிப்பிட்டிருந்தேன், அதனால் அபராதம் இல்லை. குறிப்பிடாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர்.

தீவுகளிலும் துருவப் பகுதியிலும் வெளியிலிருந்து வரும் ஒரு விதை, ஒரு எறும்பு, ஒரு பூஞ்சை போதும், அங்கே மட்டுமே வாழும் செடியையும் பறவையையும் அழித்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் இப்படிச் செய்யுங்கள். ஷூவின் அடிப்பள்ளங்களைக் குண்டூசியால் கிளறி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ஜாக்கெட், பை எல்லாவற்றிலும் உள்ள வெல்க்ரோ பட்டைகளைப் பிரித்துச் சாமணத்தால் விதைகளை எடுங்கள், விதை அதிகம் ஒட்டுவது அங்கேதான். பாக்கெட்டுகளை வெளியே இழுத்து உதறுங்கள். கேமரா முக்காலியின் கால் நுனி, ஊன்றுகோலின் முனை, கூடாரத்தின் ஆணிகள், இவற்றை மறந்துவிடுவோம். ஒன்றரை மணி நேர வேலை.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது 'ரீஃப் சேஃப்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பின்பக்கம் உள்ள பொருட்களைப் படியுங்கள். பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய வேதிப்பொருட்கள் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடைசெய்திருக்கிறது. பலாவ் 2020இலிருந்தே இவை உட்படப் பல வேதிப்பொருட்களைத் தடுக்கிறது, எல்லையிலேயே பறித்துவிடலாம். முழுக்கைச் சட்டை போட்டு நீந்தினால் பூச வேண்டிய அளவே பாதியாகிவிடும்.

ட்ரோனை விட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலான பூங்காக்களிலும் தொல்லியல் தளங்களிலும் தனி அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

8. அங்கே போன பிறகு

தூரங்களை முன்பே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அங்கே போய் யோசிக்க நேரம் இருக்காது. அண்டார்டிகாவில் பெங்குவினிடமிருந்து 5 மீட்டர், கலாபகோஸில் எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர். அது உங்களை நோக்கி வந்தால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு அண்டார்டிகாவில் தரையில் உட்காருவதும், மண்டியிடுவதும், பையைக் கீழே வைப்பதும்கூடக் கூடாது. கொரில்லாப் பயணத்தன்று சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாகப் போவது அவற்றுக்கு உயிரைப் பறிக்கும் நோயாகலாம். பணம் கட்டிவிட்டோமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சுவரோவியம், செதுக்கல் எதையும் தொடாதீர்கள், விரல் எண்ணெய் படியும். பவளத்திட்டுக்கு மேல் நீந்தும்போது செங்குத்தாக நிற்க முயலாதீர்கள், துடுப்புக் காலணி பட்டு ஒடிவது ஒரு நொடியில் நடந்துவிடும். முகக்கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மல்லாந்து மிதந்துகொண்டு செய்யுங்கள். படம் போடும்போது கூடு, அரிய பூ, காவலில்லாத பாறை ஓவியம் இவற்றின் இருப்பிடக் குறியை எடுத்துவிட்டுப் போடுங்கள். திருடுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

9. திரும்பும்போது பையில் எது இருக்கக்கூடாது

கடையில் வெளிப்படையாக விற்றால் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறோம், அது தவறு. ஆமை ஓடு, பவளம், சில வகைச் சங்குகள், தந்தம், சில ஆர்க்கிட் செடிகள் இவையெல்லாம் 1975இலிருந்து நடைமுறையில் உள்ள, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல், அபராதம், சில நாடுகளில் சிறை. பழைய சிலை, பானை, நாணயம் போன்றவற்றுக்கு ஏற்றுமதி அனுமதி கேளுங்கள். கடைக்காரர் "அதெல்லாம் வேண்டாம்" என்றால் வாங்காதீர்கள். கரையில் கிடக்கும் கூழாங்கல்லையும் சிப்பியையும்கூட அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

10. சேதத்தைப் பார்த்தால் எழுதுங்கள்

உடைந்த வேலி, சுவரில் கிறுக்கல், பூங்காவுக்குள் புதிதாகத் தோண்டும் இயந்திரம், எதுவானாலும் முதலில் தளத்தின் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். உலகப் பாரம்பரியத் தளமாக இருந்தால் பாரிஸில் உள்ள யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய மையத்துக்கும் எழுதலாம். அரசு அல்லாத யாரிடமிருந்து தகவல் வந்தாலும் சம்பந்தப்பட்ட நாட்டிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய செயல்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது, 174வது பத்தி. தனிமனிதர் எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, நேரம், சரியான இடம், நீங்கள் கண்ணால் பார்த்தது மட்டும். ஒரே இடத்தைத் தள்ளி நின்று ஒன்று, நெருங்கி ஒன்று என்று இரண்டு படம், நெருங்கிய படத்தில் அளவு தெரிய பேனாவையோ கையையோ பக்கத்தில் காட்டுங்கள், சுவரில் படாமல். யார் செய்தார்கள் என்ற ஊகத்தை எழுதாதீர்கள். உள்ளூர்க்காரர் யாராவது உங்களிடம் சொன்ன தகவல் என்றால் அவர் பெயரை விட்டுவிடுங்கள், நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், அனுப்பிய நகலையும் மூலப் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் கேட்பார்கள்.